குழாய் போன வழி

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது வாழ்த்துரை அல்ல, வரலாறு. வாழ்த்து எழுதுவது சுலபம். கெயில் நிறுவனத்தின் நாற்பதாண்டுக் கதையை எழுத உட்கார்ந்தால் முதலில் ஒரு தீயிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1974 பிப்ரவரியில் மும்பைக்கு மேற்கே நடுக்கடலில் 'சாகர் சாம்ராட்' துரப்பண மேடை எண்ணெயைக் கண்டது. இரண்டே ஆண்டில், 1976-ல், பம்பாய் ஹை வயலில் உற்பத்தியும் தொடங்கிவிட்டது. எண்ணெயை நாடே கொண்டாடியது. அதோடு கலந்து மேலே வந்த வாயுவைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. உரண் வழியாக டிராம்பே உர ஆலைக்கும் மின் நிலையத்துக்கும் கொஞ்சம் போனது. மிச்சத்தில் பெரும்பகுதியை மேடையிலேயே கொளுத்தினார்கள். எண்ணெய் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாமல் திண்டாடிய நாடு, தன் கடலில் இரவும் பகலும் எரிபொருளைச் சும்மா எரித்துக்கொண்டிருந்தது.

அதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. எண்ணெய் நெல் மாதிரி. பத்தாயத்தில் கொட்டி வைத்து விலை வரும்போது அளக்கலாம். வாயு கறந்த பால் மாதிரி. கறந்த வேளையிலேயே ஊற்றியாக வேண்டும், ஊற்றுகிற இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். வாங்குகிறவன் வாசல் வரை குழாய் இல்லாவிட்டால் வாயு சரக்கே அல்ல, தொந்தரவு. பம்பாய் ஹைக்குப் பிறகு தென் பசைன் வயலும் கண்டுபிடிக்கப்பட்டது. அது எண்ணெயோடு ஒட்டி வரும் வாயு அல்ல, தனி வாயு வயல். அதுவும் கந்தகம் கலந்த, சுத்திகரிக்காமல் பயன்படுத்த முடியாத வாயு. அதைக் குஜராத்தில் ஹஜீராவில் கரையேற்றுவது என்று முடிவானபோது அடுத்த கேள்வி வந்தது. கரையேறிய வாயு எங்கே போகும்?

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1984 ஆகஸ்ட் 16 அன்று இந்திய எரிவாயு ஆணையம் என்ற பெயரில் ஒரு பொதுத்துறை நிறுவனம், இன்றைய கெயில், பிறந்தது. கிணறு தோண்டுவது எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையத்தின் வேலையாகவே இருந்தது. இந்தப் புது நிறுவனத்திடம் கிணறும் இல்லை, அடுப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் அதன் வேலை. ஊரில் பால் சொசைட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தலைவராக வந்த வினீத் நய்யார் ஐ.ஏ.எஸ். அதிகாரி, உலக வங்கியில் வேலை பார்த்தவர். பல ஆண்டு கழித்து, முறைகேட்டில் சிக்கிய சத்யம் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பிலும் அவர் இருந்தார். கணக்குப் புத்தகமே இல்லாத இடத்திலும், கணக்குப் புத்தகம் பொய்யான இடத்திலும் வேலை செய்யக் கிடைத்த மனிதர்.

முதல் குழாயின் பெயர் அதன் ஊர்களின் பெயர்: ஹஜீரா, விஜய்ப்பூர், ஜகதீஷ்பூர். குஜராத் கடற்கரையில் தொடங்கி மத்தியப் பிரதேசத்தின் குனா மாவட்டத்தைக் கடந்து, ராஜஸ்தானுக்கு ஒரு கிளை விட்டு, உத்தரப் பிரதேசத்துக்குள் போகும் பாதை. சுமார் 1,700 கிலோமீட்டர் நீளம், 1,700 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அதுவரை இந்தியாவில் யாரும் இத்தனை நீளத்துக்கு வாயுக் குழாய் போட்டதில்லை. ஒப்பந்தம் ஒரு பிரெஞ்சு நிறுவனம் முன்னின்ற கூட்டணிக்குப் போனது. 1980-களின் பிற்பகுதியில் வாயு ஓடத் தொடங்கியது.

ஏன் அந்தப் பாதை? இதற்கு இரண்டு விடை உண்டு, இரண்டும் உண்மை. கங்கைச் சமவெளியில் கோதுமையும் நெல்லும் விளைகின்றன, உரம் அங்கேதான் செலவாகிறது, எனவே யூரியா ஆலையையும் அங்கேயே வைக்கலாம் என்பது முதல் விடை. ஜகதீஷ்பூர் அமேதி மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது, அமேதியின் உறுப்பினர் ராஜீவ் காந்தி என்பது இரண்டாவது. முதல் விடையை மட்டும் எழுதும் மலர்களைப் பார்த்திருக்கிறேன். ஆலையைக் கடற்கரையில் வைத்துவிட்டு யூரியா மூட்டையை ரயிலில் ஏற்றியிருக்கலாமே என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. அந்த விவாதத்தில் யார் சரி என்பது இப்போது பொருட்டல்ல. குழாய் பதிந்த பிறகு விவாதம் முடிந்துபோயிற்று. விஜய்ப்பூர், ஆன்லா, ஜகதீஷ்பூர், பப்ராலா, ஷாஜஹான்பூர், கடேபான் என ஆறு உர ஆலைகள் அந்தக் குழாயை நம்பி எழுந்தன. அந்தா, ஔரையா, தாத்ரி என்று மூன்று மின் நிலையங்களும் வந்தன. இந்திய எரிசக்திக் கொள்கை என்று தனியாக ஒரு ஆவணம் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே, வடஇந்தியாவின் யூரியா வரைபடத்தை ஒரு 36 அங்குலக் குழாய் வரைந்து முடித்துவிட்டது.

வாயுவுக்கும் யூரியாவுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. உர ஆலையில் வாயு வெறும் விறகு அல்ல. மீத்தேனில் இருக்கும் ஹைட்ரஜனைப் பிரித்துக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா, அதிலிருந்து யூரியா. வாயுவே கச்சாப்பொருள். ஆகவே வாயு விலை ஏறினால் ஏறுவது டெல்லியின் உர மானியம். நாட்டின் எந்த எரிசக்தி அமைச்சர் எந்தக் கொள்கையைப் பேசினாலும் நிதியமைச்சரின் காது அங்கே நீண்டிருப்பதற்கு இதுதான் காரணம்.

நம்மூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. 'கேஸ்' என்றால் நமக்குச் சிவப்பு சிலிண்டர். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட இலேசு, கசிந்தால் மேலே போகும். இரண்டுக்கும் சொந்தமாக வாசனை கிடையாது. நம் மூக்குக்குத் தெரியட்டும் என்று நாற்றத்தைக் கலந்துதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் கிணற்றிலிருந்து வரும்போது மீத்தேனோடு ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் எல்லாம் கலந்தே வரும். கெயிலின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரிந்தது. பாலை அப்படியே விற்காமல் வெண்ணெயை எடுத்துக்கொண்டு விற்பதுபோல, வழியில் விஜய்ப்பூரில் சமையல் வாயுவைப் பிரித்தார்கள். ஔரையா அருகே பாட்டாவில் 1990-களின் இறுதியில் ஈத்தேனிலிருந்து பிளாஸ்டிக் குருணை செய்யத் தொடங்கினார்கள். குழாய்க் கட்டணத்தை அரசு பிடித்து வைத்திருந்த காலத்தில் நிறுவனத்துக்கு லாபம் தந்ததில் இந்த வெண்ணெய்க்குப் பெரிய பங்கு. 1997-ல் நவரத்தினம், 2013-ல் மகாரத்தினம் என்ற பட்டங்கள் வந்த கதைக்குள் அதுவும் இருக்கிறது.

1990-கள் முழுக்கப் பற்றாக்குறைக் காலம். வாயு யாருக்கு என்பதை டெல்லியில் ஒரு ஒதுக்கீட்டுக் குழு தீர்மானித்தது. கையில் ஒதுக்கீட்டுக் கடிதம் வைத்திருந்தவர்களின் மொத்தக் கணக்கு, குழாயில் உண்மையாக வந்த வாயுவைவிட எப்போதும் அதிகமாகவே இருந்தது. ரேஷன் கார்டு இருக்கும், கடையில் சர்க்கரை இருக்காது. அந்த நிலைமைதான்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து கொள்கை வந்தது: நீதிமன்றம். தாஜ்மஹாலின் வெண்பளிங்கு மஞ்சளிப்பது குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆக்ரா வட்டாரத்தில் 292 தொழிற்கூடங்கள் நிலக்கரியை விட்டு வாயுவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடம்பெயர வேண்டும் என்றது. வாயு கொடுக்க வேண்டியது கெயில். இரண்டே ஆண்டில், 1998 ஜூலை 28 அன்று, டெல்லிப் பேருந்துகள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாற வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. அதுவும் மேத்தா தொடுத்த வழக்குதான். டெல்லிக்கு இந்திரபிரஸ்தா கேஸ், மும்பைக்கு அதற்கு முன்பே மகாநகர் கேஸ் என்று கெயில் பங்குதாரராகச் சேர்ந்து நிறுவனங்களைத் தொடங்கியது. பங்க் வாசலில் பேருந்துகளும் ஆட்டோக்களும் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்ற காட்சியை அந்நாளில் டெல்லியில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமைச்சரவை பத்து ஆண்டு யோசித்துச் செய்திருக்கக்கூடியதை ஒரு தீர்ப்பு நான்கு ஆண்டில் செய்ய வைத்தது. அது சாத்தியமானதற்குக் காரணம், ஹஜீரா குழாயின் நுனி ஏற்கெனவே டெல்லிக்குப் பக்கத்தில் தாத்ரி வரை வந்திருந்ததுதான். அதே தீர்ப்பு அன்றைக்குச் சென்னைக்கு வந்திருந்தால் நிறைவேற்ற வழியே இருந்திருக்காது.

உள்நாட்டு வாயு போதாது என்று ஆனபின் கப்பல் வந்தது. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, கப்பலில் ஏற்றலாம். கெயில் உட்பட நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 1998-ல் பெட்ரோநெட் எல்.என்.ஜி.யைத் தொடங்கின. 1999-ல் கத்தாரின் ராஸ்கேஸ் நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 75 லட்சம் டன். 2004 ஜனவரியில் 'திஷா' என்ற கப்பல் குஜராத்தின் தஹேஜ் முனையத்தில் முதல் சரக்கை இறக்கியது.

இந்த ஒப்பந்தத்தின் பின்கதை ஒரு பாடநூலுக்குப் போதும். முதல் ஐந்தாண்டுக்கு விலை ஒரு எம்.எம்.பி.டி.யு. வெப்ப அலகுக்கு ஏறக்குறைய இரண்டரை டாலர் என்று நிலைநிறுத்தப்பட்டிருந்தது. வாங்கியவர்கள் சிரித்தார்கள். பிறகு விலை கச்சா எண்ணெயோடு கட்டப்பட்டது, அதுவும் பல மாதச் சராசரியோடு. 2014 கடைசியில் எண்ணெய் விலை சரிந்தபோது சந்தையில் வாயு மலிந்துவிட்டது. சராசரி மட்டும் இறங்க மறுத்தது. 12, 13 டாலர் கொடுத்துக் கத்தார் வாயுவை வாங்க ஆளில்லை. 2015-ல் பெட்ரோநெட் ஒப்புக்கொண்ட அளவை எடுக்கவில்லை. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கொடு என்பது இந்தத் தொழிலின் சட்டம். அபராதம் சுமார் 12,000 கோடி ரூபாய் என்று கணக்கு வந்தது. அந்த டிசம்பரில் இருதரப்பும் உட்கார்ந்து பேசி, கத்தார் அபராதத்தை விட்டுக்கொடுத்தது, விலை கிட்டத்தட்டப் பாதியானது. பதிலுக்கு இந்தியா ஆண்டுக்கு இன்னொரு 10 லட்சம் டன் வாங்க ஒப்புக்கொண்டது. நீண்ட ஒப்பந்தம் என்பது சட்டத்தாளைவிட உறவுமுறைக்கு நெருக்கமானது என்று அப்போது தோன்றியது.

இடையில் கிருஷ்ணா–கோதாவரிக் கனவு ஒன்று வந்து போனது. ஆழ்கடலில் டி-6 தொகுதியில் 2002-ல் ரிலையன்ஸ் கண்ட வாயு, 2009 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. ஓராண்டுக்குள் நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டர். ரிலையன்ஸ் குடும்பத்து அண்ணன் தம்பி விலைத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 மே மாதம், மண்ணுக்குள் இருக்கும் வாயு நாட்டுக்குச் சொந்தம், குடும்ப ஒப்பந்தம் அரசின் விலையை மீற முடியாது என்று தீர்ப்பானது. தீர்ப்பு நிலைத்தது, வாயுதான் நிலைக்கவில்லை. நான்கே ஆண்டில் உற்பத்தி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. அதை நம்பி ஆந்திராவில் எழுந்த மின் நிலையங்கள் எரிபொருள் இல்லாமல் நின்றன. முன்பு வாயு இருந்து குழாய் இல்லை. இப்போது குழாய் இருந்து வாயு இல்லை.

நம் பக்கம் நடந்தது மூன்றாவது வகை. கொச்சியில் 2013-ல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுள்ள முனையம் தயாராகிவிட்டது. அதிலிருந்து கூற்றநாடு வழியாக மங்களூருக்கும் பெங்களூருக்கும் கெயில் போட வேண்டிய குழாய் தயாராகவில்லை. முனையம் வருடக்கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட ஓடாமல் கிடந்தது. தமிழ்நாட்டுப் பகுதி 310 கிலோமீட்டர்: கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி. வயல் வழியாக வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகப் போடு என்று விவசாயிகள் நின்றார்கள். 2013-ல் முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் பக்கம் உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கம் நின்றது.

சட்டப்படி கெயில் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தால் விவசாயியின் கோபம் புரியும். 1962-ம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் நிலத்தை வாங்குவதில்லை, பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உழவன் பெயரிலேயே இருக்கும். உழலாம், நெல்லோ கடலையோ போடலாம். வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இழப்பீடாகச் சட்டம் சொல்வது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். நெல் வயலுக்கு எழுதிய சட்டம் தென்னந்தோப்புக்கு வந்தால் என்ன ஆகும்? இருபது மீட்டர் அகலப் பட்டையில் நின்ற தென்னை எல்லாம் போகும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு அந்தப் பட்டை தோப்பை இரண்டாகப் பிளக்கும். மகனுக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது, வங்கியில் வைத்தால் மேனேஜர் முகம் சுளிப்பார். ஹஜீரா குழாய் போன காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை என்பதல்ல, கேட்க நாதியில்லை. கொச்சி–மங்களூர்ப் பகுதி 450 கிலோமீட்டர், கேரளத்திலும் எதிர்ப்புகளைத் தாண்டி, 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது.

இதே காலத்தில் 2014 ஜூன் 27 விடியற்காலை கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்காகப் போடப்பட்ட குழாயில் ஈரம் கலந்த வாயு ஓடியதும், அதனால் உள்ளே அரித்ததும் விசாரணையில் வெளிவந்தது. விழா மலரில் இதைச் சேர்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். மேற்கு மாவட்ட விவசாயி குழாயைப் பற்றிப் பேசும்போது அந்த நகரம் கிராமத்தைப் பற்றித்தான் பேசினார். அவரை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

காவிரிப் படுகையின் நிலைமை வேறு. நரிமணத்திலும் கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் ராமநாதபுரம் வழுதூரிலும் கிடைக்கும் வாயு சிறிய அளவுதான். கெயிலின் சின்னச் சின்னக் குழாய்கள் அதைப் பக்கத்து மின் நிலையங்களுக்குச் சேர்க்கின்றன. 2017-ல் கிணறுகளை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் எழுந்தன. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. புதிய கிணறுகளுக்கு அங்கே கதவு சாத்தியாயிற்று. வயலுக்கு அடியில் வாயு, வயலுக்கு மேலே வாயுவில் செய்த யூரியா. இந்த முரணைப் பற்றி இரு தரப்பும் பேசுவதில்லை. எண்ணூரில் இந்தியன் ஆயில் 2019-ல் திறந்த முனையத்தால்தான் மணலி உர ஆலை அதே ஆண்டில் நாஃப்தாவை விட்டு வாயுவுக்கு மாறியது. ராமநாதபுரம்–தூத்துக்குடிக் குழாய் 2021-ல் வந்ததும் ஸ்பிக் மாறியது. மணலி 1970-களின் தொடக்கத்திலிருந்து, ஸ்பிக் 1975-லிருந்து, நாஃப்தாவில் ஓடியவை. ஜகதீஷ்பூருக்கு 1980-களில் கிடைத்தது தூத்துக்குடிக்கு வந்துசேர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இனி வருங்காலம். நாட்டின் மொத்த எரிசக்தியில் வாயுவின் பங்கு இப்போது 6 சதவீதம் அளவில். 2030-க்குள் 15 சதவீதம் என்பது அரசு அறிவித்த இலக்கு. எட்ட முடியாது என்பது என் கருத்து. எட்டியே ஆக வேண்டுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. தேவையில் ஏறக்குறையப் பாதி கப்பலில் வருகிறது. 2020 கோடையில் சந்தையில் 2 டாலருக்கும் கீழே கிடைத்த திரவ வாயு, உக்ரைன் போருக்குப் பின் 2022 ஆகஸ்டில் 70 டாலரைத் தொட்டது. ஐரோப்பா கேட்ட விலையைக் கொடுத்து அள்ளிக்கொண்டது. ரஷ்யாவின் காஸ்ப்ரோம் குழுமத்தோடு கெயில் போட்டிருந்த 20 ஆண்டு ஒப்பந்தத்தின் சரக்கும், அந்தக் குழுமத்தின் ஜெர்மன் பிரிவை ஜெர்மனி கைப்பற்றியதும், நின்றுபோனது. நாம் நிலக்கரிக்குத் திரும்பினோம். அந்த ஆண்டு கத்தார்க் கப்பல்கள் தவறாமல் வந்தன. அதனால்தான் 2024 பிப்ரவரியில் பெட்ரோநெட் அந்த ஒப்பந்தத்தை 2028-லிருந்து 2048 வரை நீட்டிக் கையெழுத்திட்டபோது யாரும் விலையைப் பற்றி அதிகம் வாய் திறக்கவில்லை.

உரம், நகர வாகனம், சமையலறை, பிரோசாபாத் வளையல் சூளை போன்ற சிறு தொழில்: இவற்றில் வாயுவுக்கு இன்னும் நெடுநாள் வேலை இருக்கிறது. மின்சாரத்தில் அதன் இடம் மாறிவிட்டது. 2024-ல் 24,000 மெகாவாட்டுக்கு மேல் வாயு மின் நிலையங்கள் இருந்தும் பெரும்பாலும் சும்மா நின்றன. பகலில் சூரிய ஒளி அவற்றைவிட மலிவு. ஆனால் 2024 மே 30 அன்று நாட்டின் மின்தேவை 250 கிகாவாட்டைத் தொட்டபோது அரசு சட்டப்பிரிவைக் காட்டி அவற்றை ஓட வைத்தது. சூரியன் சாய்ந்த பிறகு சட்டென்று எழுந்து ஓடக்கூடியது வாயு டர்பைன். கல்யாண வீட்டுக்கு மூன்று நாள் மட்டும் வரும் சமையல்காரரைப்போல அதை வைத்துக்கொள்ள வேண்டுமானால், மீதி நாளுக்கும் அவருக்கு யாராவது படியளக்க வேண்டும். அந்தப் படியை யார் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. எண்ணெய்க்கு மங்களூரிலும் பாதூரிலும் விசாகப்பட்டினத்திலும் பாறைக்குகைச் சேமிப்பு உண்டு. வாயுவுக்கு அப்படி ஒன்று இன்றுவரை கிடையாது.

சாண எரிவாயுவைக் குழாயில் கலப்பது அடுத்த பேச்சு. 2018-ல் ஐயாயிரம் ஆலை என்று தொடங்கிய திட்டம் அந்த எண்ணிக்கைக்கு வெகுதூரத்தில் நிற்கிறது. நாமக்கல் பக்கம் கோழி எருவிலிருந்து வாயு எடுத்து வண்டிக்கு நிரப்புவதைப் பார்த்தால் வழி தவறில்லை என்றுதான் படுகிறது. 2028-29-ல் நகர வாயுவில் 5 சதவீதம் இப்படி வர வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

விஜய்ப்பூரில், முதல் குழாய் வந்து சேர்ந்த அதே வளாகத்தில், 2024 மே மாதம் கெயில் தன் முதல் பசுமை ஹைட்ரஜன் ஆலையைத் திறந்தது. 10 மெகாவாட் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து நாளொன்றுக்கு 4.3 டன் ஹைட்ரஜன். இப்போதைக்கு அது அந்த வளாகத்தின் உலைகளிலேயே, குழாயில் வரும் வாயுவோடு கலந்து எரிகிறது. வேலிக்கு வெளியே அதை வாங்க ஆள் கிடைத்தால், அங்கே கொண்டுபோக இனிமேல்தான் ஒரு குழாய் போட வேண்டும்.